ஏழு மாதம் நின்ற காரில் டொக் டொக் சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பச்சி (அப்பா) ஓட்டிய கார், 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏழு மாதமாக கானாடுகாத்தான் வீட்டில் நின்றிருக்கிறது. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்த இடத்தில் எடுத்து ஓட்டினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து விநாடி டகடகவென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடுகிறது. பிள்ளையார்பட்டி போகிற வழியில் ஐம்பது வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்தினால் டொக் டொக் என்று இன்னொரு சத்தம். ஒருவர் கேட்டுவிட்டு "பேரிங் அடிக்குது, ஹாஃப் எஞ்சின் பண்ணணும், 60,000 ஆகும்" என்றிருக்கிறார். ஹாஃப் எஞ்சின் என்றால் எஞ்சினைப் பிரித்து உள்பாகங்களை மாற்றும் வேலை. வேலை பார்ப்பதா, வந்த விலைக்கு விற்றுவிடுவதா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் ஆயிலைப் பார்க்கும் வரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். காரைக்குடியில் முப்பது வருடமாக எஞ்சின் வேலை பார்க்கிறேன், இந்தச் சத்தத்தோடு "சும்மா ஊருக்குள்ள தானே" என்று ஓட்டி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறது. உண்மையிலேயே பேரிங் என்றால், இன்று நிறுத்தினால் பேரிங் செட் மாற்றுவதோடு செலவு முடியும், இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டை) லேத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்கு மேலும் ஓட்டினால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு (கன்ராடு) எஞ்சின் பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் எடைக்குத்தான் போட வேண்டும்.

நீங்கள் இரண்டு சத்தத்தையும் தனித்தனியாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மெக்கானிக் இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ஒரே முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

காலைச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி மாதக்கணக்கில் நின்றால் மேலே இருந்த ஆயில் எல்லாம் சம்ப்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு வடிந்துவிடும். கிராங்கையும் வால்வுகளையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. பம்ப் ஆயிலை ஏற்றும் வரை செயின் தளர்ந்து அடிக்கும். வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இருந்தால் அதுவும் சேர்ந்து தட்டும். ஏழு மாதம் கழித்து முதல் தடவை இப்படிக் கேட்டால் நான் பயப்பட மாட்டேன். நேற்று முழுக்க ஓட்டிவிட்டு இன்று காலையில் எடுத்தாலும் நாலைந்து விநாடி அடிக்கிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் ஆயில் ஃபில்டர் மேல். ஃபில்டருக்குள் ரப்பரில் ஒரு வால்வு உண்டு, எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்ப வடியாமல் பிடித்து வைப்பது அதுதான். விலை குறைவு என்று வாங்கிய டூப்ளிகேட் ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். நல்ல ஃபில்டர் மாற்றியதுமே இந்தச் சத்தம் காணாமல் போன வண்டிகள் ஏராளம். புது ஆயில், புது ஃபில்டர் போட்ட பிறகும் தினமும் வந்தால்தான் டென்ஷனர், செயின் பக்கம் போக வேண்டும்.

இரண்டாவது சத்தம்தான் எனக்குக் கவலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தும்போது, அதாவது எஞ்சின் மேல் லோடு ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் இருக்கும் அந்த நிலையில், தேய்ந்த கன்ராடு பேரிங் நன்றாகக் கேட்கும். ஆனால் அதே நிலையில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்திருந்தால் அதுவும் அடிக்கும், அடியில் இருக்கும் சைலன்சர் ஹீட் ஷீல்டும் (சூடு தடுக்கும் தகடும்) அடிக்கும். அதனால்தான் ஒழுங்காகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆயிலில் ஆரம்பியுங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நின்று பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகள் தெருவைவிட நல்ல உயரத்தில் இருப்பதால் வண்டி ஏறச் சாய்தளம் போட்டிருப்பார்கள், அந்தச் சரிவில் நிறுத்தி அளந்தால் அளவு பொய்யாக வரும். இரண்டு கோட்டுக்கும் இடையே பல வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லிட்டர். உங்கள் எஞ்சினுக்கு மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான் இருக்கும், அதில் ஒன்று குறைந்தால் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் நிரப்புங்கள். பிறகு இரண்டு விரலில் ஆயிலைத் தேய்த்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, தண்ணீர் மாதிரி வழுக்கினால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் கலந்த வெள்ளையில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது.

இந்த வெண்ணெய் எங்கிருந்து வருகிறது தெரியுமா? செட்டிநாட்டில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது, அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் எங்கே சூடேறும்? குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலும் அதிகமாகத்தான் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு அதே ஆயிலில் சேரும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பேரிங் சில கணம் ஆயில் இல்லாமல் சுற்றும். ஆறேழு மாதத்தில் முப்பது தடவை இப்படி நடந்தால் ஆயில் என்ன ஆகும்? ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் மாதம் இரண்டு தடவை அரை மணி நேரம் திருச்சி ரோட்டில் ஓட்டிவிட்டு வரட்டும். ஆள் இல்லையென்றால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடாமல் விடுவதே மேல். உங்கள் வீட்டில் எப்படி என்று விசாரியுங்கள், விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடலாம். கடைசியாக ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது என்றும் எழுதியிருந்தீர்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது, வண்டிக்கு அடியில் குனிந்து சம்ப்பைப் பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பள்ளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. ஊருக்குள் மெதுவாகப் போனால் சத்தமே இல்லை, அறுபதைத் தாண்டினால் டொக் டொக். ஆயில் அளவு டிப் ஸ்டிக்கில் சரியாக, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. இரண்டு இடத்தில் ஹாஃப் எஞ்சின் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சம்ப்பின் நடுவில் ஒரு பள்ளம், தேங்காய் மூடியைக் கவிழ்த்து உள்ளே அழுத்தின மாதிரி. ஊரணிக் கரைப் பாதையில் ஒரு கல் தட்டியதாக அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. சம்ப்புக்குள் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெயினரின் வாய் அடித்தகட்டிலிருந்து ஒரு விரல் கனத்துக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். நசுங்கிய தகடு போய் அந்த வாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. மெதுவாகப் போகும்போது கிடைத்த ஆயில் போதும், வேகம் கூடினால் பேரிங் தாகத்தில் அடித்துக்கொள்ளும். உள்ளே பள்ளம் விழுந்ததால் ஆயில் மட்டம் மேலே ஏறி, டிப் ஸ்டிக்கில் கூடுதலாகக் காட்டியது. சம்ப்பைக் கழற்றித் தகட்டை நிமிர்த்தி, ஸ்ட்ரெயினரைக் கழுவி, கன்ராடு பேரிங் செட் மட்டும் மாற்றி அனுப்பினேன். எஞ்சினை இறக்கவே இல்லை.

அன்று கழற்றிய பேரிங்கை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு சின்னத் தகடு, கட்டைவிரலில் கவிழ்த்து வைக்கலாம். புதிதில் உள்பக்கம் சாம்பல் நிறத்தில், பளபளப்பு இல்லாமல் ஒரே சீராக இருக்கும். தேய்ந்ததில் நடுவில் அந்தச் சாம்பல் நிறம் போய், பழைய செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த மாதிரி செம்பு நிறம் தெரியும். இன்னும் போனால் கோடு கோடாகக் கீறல், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். இந்தத் தகட்டுக்கும் கிராங்குக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில்தான் கிராங்கை மிதக்க வைக்கிறது. அந்த இடைவெளி கூடினால் ஆயில் ஓரங்களில் வழிந்துவிடும், இரும்பு இரும்பைத் தொடும், அந்த அடிதான் வெளியே டொக் என்று கேட்கிறது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். சம்ப் நசுங்கவில்லை என்றால் ஆயிலை வடியுங்கள், ஆனால் வடித்ததைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாக்ஸா பிளேடால் அறுக்க விடாதீர்கள், அறுக்கும் இரும்புத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றிவிடும். ஃபில்டர் கட்டர் இல்லையென்றால் லேத்துக்காரரிடம் கொடுத்து வெட்டிவிட்டு, காந்தத்தால் தடவி அந்தத் தூளை எடுத்துவிடுங்கள். காகிதத்தில் செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங்கின் உள் அடுக்கு தெரிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளி நிறத்தில் மினுமினுத்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம்: பிஸ்டனாக இருக்கலாம், இப்போதைய பல வண்டிகளில் பேரிங்கே அலுமினியக் கலவைதான் என்பதால் அதுவாகவும் இருக்கலாம். வெறும் கறுப்புக் கசடு மட்டும் என்றால் ஆயில் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். "கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் போயிரும்" என்று யாராவது சொல்வார்கள். சத்தம் குறையும், உண்மைதான். அம்பாசிடர் காலத்தில் 20டபிள்யூ-50 ஊற்றிப் பழகிய கைகள் இன்றும் அதையே ஊற்றுகின்றன. இன்றைய எஞ்சினில் ஆயில் வழிகள் மெல்லியவை, காலையில் கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் எடுக்கும், உங்கள் முதல் சத்தம் அதிகமாகும். விற்கிறவர்தான் அதை ஊற்றி மூடிமறைப்பார், வைத்து ஓட்டப்போகும் நீங்கள் அதைச் செய்யக் கூடாது. எஞ்சின் ஃப்ளஷ் என்று ஒன்றை ஊற்றச் சொன்னாலும் வேண்டாம். இரண்டு வருடக் கசடு மொத்தமாகப் பெயர்ந்து போய் ஸ்ட்ரெயினரை அடைத்தால் நாமே வரவழைத்த வம்பாகிவிடும்.

புது ஆயிலோடு ஸ்டார்ட் செய்து, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குக் கீழே எலும்பில் அழுத்துங்கள். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள், தோளில் துண்டு இருந்தால் கழற்றி வையுங்கள், பெல்ட் இழுத்துவிடும். ஹெட் கவரில், முன்பக்கச் செயின் கவரில், நடு பிளாக்கில், கீழே சம்ப் ஓரத்தில் என்று இடம் மாற்றிக் கேளுங்கள். டேப்பெட் மேலேதான் கணீரென்று கேட்கும், பேரிங் கீழே கனத்து ஒலிக்கும். தாளமும் கொஞ்சம் உதவும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று (ஆர்பிஎம்) என்றால் கிராங்க் விநாடிக்குப் பதிமூன்று சுற்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி. விரலால் தட்டிக்கொண்டே பின்தொடர முடிகிற தாளம் என்றால் அது பாதி வேகம், டேப்பெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒரே ஒரு சிலிண்டரின் பேரிங் அடித்தால் பவர் ஸ்ட்ரோக்கில்தான் உரக்கக் கேட்கும், அதுவும் பாதி வேகம்தான்.

இதைவிட நம்பிக்கையான சோதனை சிலிண்டர் கட் செய்வது. எஞ்சினை நிறுத்தி, ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும் ஆர்பிஎம்முக்கு லேசாக ரேஸ் செய்து கேளுங்கள், பத்துப் பதினைந்து விநாடி போதும். திரும்ப மாட்டிவிட்டு அடுத்த சிலிண்டர். எந்தச் சிலிண்டரைக் கட் செய்தால் சத்தம் சட்டென்று அமுங்குகிறதோ அங்கேதான் கன்ராடு பேரிங்கோ பிஸ்டனோ பின்னோ. எல்லாச் சிலிண்டரையும் ஒவ்வொன்றாகக் கட் செய்து பார்த்தும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரைக் கழற்றியும் செய்யலாம், ஆனால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும், அதனால் இன்ஜெக்டர்தான் என் தேர்வு. செக் எஞ்சின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துவிடலாம். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று: பழைய காலத்து மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திச் சோதிப்போம், இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பேரிங் மாதிரி ஏமாற்றும் மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் கேட்டு நிறுத்தினால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெஸர், வாட்டர் பம்ப் மேல் இருக்கும் சந்தேகம் தீரும். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா பாருங்கள், மாறினால் கியர் பாக்ஸ் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கெட் போயிருந்தால் அச்சு அசல் டேப்பெட் சத்தம்தான், எஞ்சின் சூடானால் குறையும், இணைப்பில் கறுப்பாகப் புகை படிந்திருக்கும். ஏழு மாதம் நின்ற வண்டியில் எலி ஏறாமல் இருக்காது, ஒயர் கடித்து ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் எஞ்சின் குலுங்கி மவுண்ட்டில் தட்டும், அதையும் பேரிங் என்று சொன்னவர்கள் உண்டு.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் நாக்கிங் என்று ஒரே பேரில் கூப்பிடுவதில் ஒன்று உதிரிப் பாகம் அடிப்பதே இல்லை. ஸ்பார்க் வந்த பிறகு, தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிப்பது. டப்பாவில் சில்லறைக் காசைக் குலுக்கின மாதிரி கிளிங் கிளிங் என்று மெல்லியதாக இருக்கும், லோடில் மட்டும் வரும். நம் ஊர் சமதரை, அதனால் பலருக்கு இது கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் முதன்முதலில் கேட்கும். இன்றைய வண்டியில் பிளாக்கில் ஒரு நாக் சென்சர் இதைக் கேட்டு ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். உங்கள் சத்தம் லோடு குறையும்போது வருவதால் இது இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் டேங்கில் ஏழு மாதப் பெட்ரோல் கிடக்கிறது, இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் நின்றே கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கால் டேங்குக்குக் குறைவாக இருந்தால் வடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் டொக் டொக் இருந்து, ஒரு சிலிண்டரைக் கட் செய்தால் அமுங்கி, ஃபில்டரிலும் மினுமினுப்பு இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, பேரிங்தான். அப்போதும் முதலில் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ (அழுத்த அளவு) என்பது நாங்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு, உங்கள் வண்டிக்குரிய அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அடுத்து சம்ப்பை மட்டும் கழற்றி அந்தச் சிலிண்டரின் ராடு கேப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் எஞ்சினை இறக்காமலே முடியும். கிராங்கில் விரல் நகம் தட்டாமல் வழுவழுவென்று இருந்து, மைக்ரோமீட்டரில் அளவும் சரியாக வந்தால் புதுப் பேரிங் போதும். கீறல் இருந்தாலோ அளவு தவறினாலோதான் கிரைண்டிங், 0.25 மில்லிமீட்டர் அண்டர் சைஸ் பேரிங் எல்லாம். பிஸ்டன் ரிங், போர் என்று பட்டியல் நீண்டால், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தீர்களா, எந்தச் சிலிண்டரில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்ணைச் சொல்வார்.

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு வண்டியை ஓட்டி வர வேண்டாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள், அல்லது ஆயில் வேலையை அங்கேயே ஆள் வைத்துச் செய்யுங்கள். அப்பச்சியின் வண்டி என்பதால் விற்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், 68,000 ஓடிய எஞ்சினை அவசரப்பட்டு விற்க எனக்கும் மனசு வராது. ஃபில்டர் காகிதத்தில் என்ன நிறத்தில் துகள் இருந்தது, எந்தச் சிலிண்டரைக் கட் செய்தபோது சத்தம் அமுங்கியது, இந்த இரண்டையும் எழுதுங்கள். அடுத்து எதைத் திறப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.